பட்டமளிப்பு மண்டபத்தில் பீத்தோவன்

வியன்னாவில் இன்றைக்கு ஒருவர் பீத்தோவனின் ஏழாம் சிம்பனியைக் கேட்க ஆசைப்பட்டால், டிக்கெட் எடுத்துக்கொண்டு மூசிக்ஃபெரைன் அரங்குக்குப் போய்விடலாம். உள்ளே தங்கப் பூச்சு மின்னும் அந்தக் கூடம் 1870-இல் திறக்கப்பட்டது. ஏழாம் சிம்பனி முதன்முதலாக மேடையேறியதோ 1813 டிசம்பர் 8-இல். இடையில் 57 வருஷம். அப்படியானால் அன்றைக்கு எங்கே வாசித்தார்கள்?

ஒரு பல்கலைக்கழகத்தில். பட்டம் கொடுக்கவும், லத்தீனில் உரை நிகழ்த்தவும், பெரிய மனிதர்கள் வந்தால் வரவேற்கவும் கட்டிய விழா மண்டபத்தில். அதே மண்டபத்தில்தான் இசையமைப்பாளர் ஹைடன் கடைசியாகப் பொதுமக்கள் முன் தோன்றினார். 1848 புரட்சியின்போது மாணவர்களின் மனு முடிவானதும் அதே கூரையின் கீழ்தான். இத்தனைக்கும் அந்தக் கட்டடம் பல்கலைக்கழகமாக இருந்தது முழுசாக நூறு வருஷம்கூட இல்லை.

அதைக் கட்டியவர்களுக்குக் கச்சேரி அரங்கு கட்டும் எண்ணமே கிடையாது. அவர்கள் நினைத்தது முற்றிலும் வேறு. அந்தக் கணக்கிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி.

மருத்துவர் போட்ட திட்டம்

வியன்னாப் பல்கலைக்கழகம் 1365-இல் நான்காம் ருடால்ஃப் என்ற கோமகன் தொடங்கியது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் இன்றுவரை தொடர்ந்து நடந்துவரும் பல்கலைக்கழகங்களில் இதற்குத்தான் வயது அதிகம். 1623-இல் அது ஏசு சபைப் பாதிரியார்கள் கைக்குப் போனது. ஸ்டெஃபான் பேராலயத்திலிருந்து சில நிமிட நடைத் தூரத்தில், அவர்கள் தங்களுக்கென ஒரு தேவாலயத்தையும் கல்லூரியையும் சேர்த்துக் கட்டினார்கள். அந்தத் தேவாலயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கூரை தட்டையானதுதான்; ஆனால் அந்திரேயா போட்சோ என்ற ஓவியர் அதில் ஒரு குவிமாடத்தை வரைந்து வைத்திருக்கிறார். தரையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்று பார்த்தால் நிஜக் குவிமாடம் போலவே இருக்கும். நாலடி தள்ளி நின்றால் மாயம் கலைந்து, கோணல்மாணலாகத் தெரியும்.

நூறு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. 1740-இல் மரியா தெரேசா ஆட்சிக்கு வந்தார். வந்த சூட்டோடு போர். போரில் அவருக்கு ஒன்று உறைத்தது: நாட்டை நடத்த வரி வசூலிப்பவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், தேர்ந்த மருத்துவர்கள் வேண்டும், சமயக் கல்வியை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் கிடைக்கமாட்டார்கள். அவருடைய சொந்த மருத்துவர் கெரார்ட் ஃபான் ஸ்வீட்டன் நெதர்லாந்துக்காரர், லைடனில் படித்தவர். 1745-இல் வியன்னாவுக்கு வந்தவர், முதலில் மருத்துவப் படிப்பைச் சீர்திருத்தினார். பிறகு மொத்தப் பல்கலைக்கழகத்தையும் பாதிரியார்கள் பிடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரசின் பக்கம் இழுத்தார். அதை ஊருக்குக் காட்ட ஒரு புதுக் கட்டடம் தேவைப்பட்டது. அதுவும் ஏசு சபைத் தேவாலயம் நிற்கும் அதே சதுக்கத்தில்.

1753-இல் வேலை தொடங்கியது. வரைந்தவர் ழான் நிக்கோலா ஜடோ. மரியா தெரேசாவின் கணவர் லொரேன் நாட்டவர். அவரோடு வந்தவர் இந்த ஜடோ. வேலை நடக்கும்போதே அவர் வியன்னாவை விட்டுக் கிளம்பிவிட்டார். உள்ளூர்க் கட்டுநர்கள் முடித்தார்கள். 1756 ஏப்ரலில் திறப்பு விழா. அது புதிதாக இருந்த நாளில் பெர்னார்தோ பெலோட்டோ தீட்டிய ஓவியம் வியன்னாக் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பல்கலைக்கழகத்தைப் பார்ப்பவர்கள் அரண்மனை என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்பதுதான் நோக்கமும்.

உள்ளே கீழ்த்தளத்தில் தூண்கள் தாங்கும் பெரிய கூடம். மேலே, இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பிய விழா மண்டபம். ஊர்க்காரர்கள் அந்த இடத்தை 'ஆவுலா' என்பார்கள். சுற்றிலும் தனித்தனித் துறைகளுக்கான அறைகள், மொட்டைமாடியில் கோள்களையும் நட்சத்திரங்களையும் பார்க்கும் வானாய்வகம். வானாய்வகத்தின் தலைவராக வந்த மக்சிமிலியான் ஹெல், ஏசு சபையைச் சேர்ந்த பாதிரியார்! அவர்கள் பிடியைத் தளர்த்தக் கட்டிய கட்டடத்தின் உச்சியிலேயே அவர்களில் ஒருவர். திறமைசாலியை விட மனம் வரவில்லை போலும். 1769-இல் சூரியனைக் கடந்து போன வெள்ளியைப் பார்க்க நார்வேயின் வடகோடிக்கே போனவர் அவர். 'ஹெல்' என்றால் ஜெர்மன் மொழியில் வெளிச்சம் என்று பொருள். இங்கிலீஷ்காரர்களுக்குத்தான் அது நரகமாகக் கேட்கும்.

விழா மண்டபத்தின் கூரைதான் முக்கியம். அதை வரைந்தவர் ரோமைச் சேர்ந்த கிரிகோரியோ குல்யெல்மி. என்ன வரைய வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தவர் அரசவைக் கவிஞர் மெட்டாஸ்டாசியோ. நான்கு பக்கமும் நான்கு துறைகள்: இறையியல், சட்டம், தத்துவம், மருத்துவம். ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் ஒரு வரி. இறையியலுக்கு 'தெய்வீக விஷயங்களின் அறிவு'. சட்டத்துக்கு 'நியாயம், அநியாயம் பற்றிய அறிவு'. தத்துவத்துக்கு 'காரணங்களைத் தேடுதல்'. மருத்துவத்துக்கு 'உடல்நலத்தைக் காக்கவும் மீட்கவும் தெரிந்த கலை'. நடுவில் மரியா தெரேசாவும் அவர் கணவரும். அறிவு எத்தனை வகையானாலும் அதன் மையத்தில் அரசு இருக்கிறது என்று, அண்ணாந்து பார்க்கிற ஒவ்வொரு மாணவனுக்கும் சொல்லிவிடுகிறது கூரை. அதைவிட நேரடியாகச் சொல்லவே முடியாது.

இந்த மெட்டாஸ்டாசியோ வாழ்ந்த வீட்டின் பரணறையில், 1750-ஐ ஒட்டி, கையில் காசில்லாத ஓர் இளைஞன் குடியிருந்தான். தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து குரல் உடைந்ததும் வெளியே அனுப்பப்பட்டவன். பெயர் யோசஃப் ஹைடன். கவிஞர் வளர்த்த சிறுமிக்கு ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகை வாத்தியம் சொல்லிக்கொடுத்து, பதிலுக்குச் சாப்பாடு. கவிஞர் வகுத்த கூரையின் கீழ் இந்தப் பையன் அறுபது வருஷம் கழித்து வந்து உட்காரப்போகிறான்.

இடம் இல்லாத இசைத் தலைநகரம்

வியன்னாவை இசைத் தலைநகரம் என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. ஆனால் ஹைடன், மொட்சார்ட், பீத்தோவன் மூவரும் வாழ்ந்த காலத்தில் அங்கே கச்சேரிக்கென்றே கட்டிய பெரிய பொது அரங்கு இல்லை. பிரபுக்கள் மாளிகைகளில் சின்னச் சின்னக் கூடங்கள் உண்டு. அங்கே அழைப்பு இருந்தால்தான் நுழையலாம். நாடகக் கொட்டகைகள் உண்டு; அங்கே நாடகமும் ஆப்பெராவும்தான் முதல் வரிசை. தவக்காலத்தில் மேடை நாடகத்துக்குத் தடை வரும் நாட்களில்தான் இசைக் கச்சேரிக்கு வாய்ப்பு. அந்த ஒரு நாள் கிடைக்கவும் நிர்வாகத்தின் பின்னால் அலைய வேண்டும். பீத்தோவன் இதற்காக எழுதிய கடிதங்களில் எரிச்சல் கொப்பளிக்கும். 1808 டிசம்பர் 22-இல் ஒருவழியாக ஒரு கொட்டகை கிடைத்தபோது, ஐந்தாம் சிம்பனி, ஆறாம் சிம்பனி, நான்காம் பியானோ கன்செர்ட்டோ (ஒரு வாத்தியம் முன்னின்று, குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) என்று கையிலிருந்த எல்லாவற்றையும் ஒரே மாலையில் போட்டார். நாலு மணி நேரம், நடுங்கும் குளிர், போதாத ஒத்திகை. அடுத்த தடவை எப்போது இடம் கிடைக்குமோ என்று பயந்தவன் செய்கிற காரியம் அது.

கொட்டகையும் வேண்டாம், மாளிகையும் வேண்டாம் என்றால் மிச்சம் இருந்தவை நடனக் கூடங்கள். 'மேல்க்ரூபெ' என்று ஒன்று. பெயருக்கு மாவுக் கிடங்கு என்று அர்த்தம். ஒரு காலத்தில் நிஜமாகவே கீழே மாவு வைத்திருந்தார்கள். 1785-இல் மொட்சார்ட் அங்கே கச்சேரி செய்தார். 1807 நவம்பரில் இசை ஆர்வமுள்ள பிரபுக்களும் வங்கிக்காரர்களும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தபோது, முதல் கச்சேரியை வைத்ததும் அங்கேதான். நம்மூர் சபா மாதிரி சந்தா கட்டி அனுமதி. இருபது கச்சேரி என்று திட்டம். ஆனால் கூட்டம் கிடங்குக்குள் அடங்கவில்லை. வேறு பெரிய இடம் தேடியபோது கண்ணில் பட்டது பல்கலைக்கழகத்தின் விழா மண்டபம். பட்டமளிப்பு விழா இல்லாத நாட்களில் அது சும்மாதானே கிடக்கிறது!

இசை வரலாற்றின் இரண்டு பெரிய நாட்கள் அந்த மண்டபத்தில் நடந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். கலைக்குக் கல்வி கொடுத்த அரவணைப்பு என்றெல்லாம் இதைப் பெரிதாக்கத் தேவையில்லை. ஊரில் இருந்ததிலேயே விசாலமான கூடம், அதன் நாட்காட்டியில் காலி நாட்கள். அந்தப் பருவத்தில் பீத்தோவனும் அங்கே தன் படைப்புகளைத் தானே நடத்தினார். 'எரோயிகா' சிம்பனியும் அவற்றில் ஒன்று. வாசித்தவர்கள் ஐம்பது பேருக்கு மேல். பாதிக்கும் மேற்பட்டோர் தொழில் கலைஞர்கள் அல்லர், ஆர்வலர்கள்.

சங்கத்தின் கடைசிக் கச்சேரி 1808 மார்ச் 27. இன்னும் நான்கு நாளில் ஹைடனுக்கு 76 வயது. அவருடைய 'படைப்பு' என்ற பெரிய பாடற்படைப்பை வைத்து அவரைக் கௌரவிப்பது என்று முடிவாகியிருந்தது. நடக்கவே சிரமப்பட்ட மனிதர். ஹைடன் வேலை பார்த்த எஸ்டெர்ஹாசி பிரபுவின் வண்டி போய் அவரை அழைத்துவந்தது. வாசலில் பிரபுக்களும் இசைக்காரர்களும் காத்திருந்தார்கள். அவர்களில் பீத்தோவனும் உண்டு. சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது எக்காளமும் முரசும் முழங்கின. எஸ்டெர்ஹாசி சீமாட்டியின் பக்கத்தில் இடம். கிழவருக்குக் குளிர் எடுக்கிறது என்று தெரிந்ததும் சுற்றியிருந்த பெண்கள் தங்கள் சால்வைகளைக் கழற்றி அவர் மேல் போட்டார்கள்.

நடத்தியவர் அரசவை இசையமைப்பாளர் சாலியேரி. வயலின் வரிசைக்குத் தலைமை ஃபிரான்ஸ் கிளெமென்ட். இரண்டு வருஷம் முன்பு பீத்தோவன் தன் ஒரே வயலின் கன்செர்ட்டோவை எழுதியது இவருக்காகத்தான். அன்று பாடியது இத்தாலிய மொழிபெயர்ப்பில். மூல ஜெர்மன் வரிகளை எழுதியவர் கோட்ஃப்ரீட் ஃபான் ஸ்வீட்டன். ஆமாம், இந்தக் கட்டடத்துக்குக் காரணமான அந்த மருத்துவரின் மகன்தான். அப்பா போட்ட திட்டத்தில் எழுந்த மண்டபத்தில் மகன் எழுதிய படைப்பு. கேட்கத்தான் மகன் இல்லை, 1803-இலேயே இறந்துவிட்டார்.

'படைப்பு' குழப்பத்தில் ஆரம்பிக்கிறது. உலகம் உருவாகாத நிலை; சி மைனரில் திசை தெரியாமல் சுற்றும் இசை. பிறகு பாடகர்கள் அடங்கிய குரலில் 'ஒளி உண்டாகக் கடவது' என்கிறார்கள். கம்பிக் கருவிகள் மெல்லச் சுண்டுகின்றன. 'ஒளி உண்டாயிற்று' என்று சொன்ன அந்தக் கடைசிச் சொல்லில் மொத்த வாத்தியக் குழுவும் சி மேஜரில் முழு பலத்தோடு வெடிக்கும். 'ஒளி உண்டாகக் கடவது' என்ற வரியை ஒரே ஒரு தடவைதான் பாட வேண்டும், திரும்பத் திரும்பப் பாடிக் கெடுக்கக்கூடாது என்று ஸ்வீட்டன் தன் கையெழுத்துப் பிரதியிலேயே குறித்துவைத்தார். நல்ல யோசனை, ஹைடனும் கேட்டுக்கொண்டார்.

அன்று அந்த இடம் வந்ததும் மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. ஹைடன் கைகளை மேலே தூக்கி, 'அது என்னிடமிருந்து வரவில்லை, அங்கிருந்து வந்தது' என்ற பொருளில் ஏதோ சொன்னார் என்று கூடவே இருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் காட்டியது வானத்தை. ஆனால் அவர் கைக்கும் வானத்துக்கும் நடுவில் இருந்தது குல்யெல்மியின் கூரை: நான்கு துறைகள், நடுவில் அரசி. அவரைப் பட்டினி போடாமல் காத்த மெட்டாஸ்டாசியோவின் திட்டம்.

முதல் பகுதி முடிந்ததும் உடம்பு தாங்காது என்று அவரைக் கிளப்பினார்கள். பீத்தோவன் குனிந்து அவர் கையை முத்தமிட்டார். வாசலில் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, வாத்தியக் குழுவின் பக்கம் திரும்பி, ஆசீர்வதிப்பதுபோல் கையை உயர்த்திவிட்டுப் போனார் ஹைடன். அதற்குப் பிறகு பொது இடத்தில் தோன்றவில்லை. 1809 மே 31-இல், பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்திருந்தபோது இறந்தார்.

இந்தக் காட்சியை பல்தசார் வீகாண்ட் என்ற நுண்ணோவியர் ஒரு பேழையின் மூடியில் வரைந்தார். எஸ்டெர்ஹாசி சீமாட்டி அதை ஹைடனுக்குப் பரிசளித்தார். உள்ளங்கை அகலப் படத்தில் உயர்ந்த சுவர்கள், ஒரு கோடியில் வாத்தியக் குழு, முன்னால் நெருக்கியடிக்கும் கூட்டம், அதன் நடுவில் நாற்காலியில் ஒரு சின்ன உருவம். பேழை இரண்டாம் உலகப் போரில் காணாமல் போய்விட்டது. நல்லவேளை, அதற்கு முன்பே நகல் எடுத்திருந்தார்கள்.

எந்திர எக்காளக்காரனும் ஏழாம் சிம்பனியும்

ஐந்து வருஷம் கழித்து அதே மண்டபத்தில் நடந்தது வேறு மாதிரியான கூத்து. 1813 அக்டோபர் கடைசியில் ஹனாவு என்ற இடத்தில், பின்வாங்கிக்கொண்டிருந்த நெப்போலியனை மறிக்கப் போன ஆஸ்திரிய, பவேரியப் படைகள் அடிபட்டன. காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்ட டிசம்பர் 8-இல் ஒரு கச்சேரி. ஏற்பாடு யோஹான் நேப்போமுக் மெல்ட்செல். தாளத்தின் வேகத்தைக் காட்டும் மெட்ரோனோம் கருவியைப் பிரபலமாக்கியவர் இவர்தான். அதற்கு முன்பே தானாக வாசிக்கும் எந்திர வாத்தியங்களைக் கட்டி ஊர் ஊராகக் காட்டிப் பேர் வாங்கியிருந்தார்.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் இன்றைக்குச் சிரிப்பு வரும். முதலில் பீத்தோவனின் புத்தம்புது ஏழாம் சிம்பனி. அடுத்து, மெல்ட்செல் செய்த எந்திர மனிதன் எக்காளம் ஊத, வாத்தியக் குழு பின்னணி வாசிக்கும் இரண்டு அணிவகுப்புப் பாட்டுகள். கடைசியில் பீத்தோவனின் 'வெலிங்டனின் வெற்றி'. ஸ்பெயினின் விட்டோரியாவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனிடம் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றதைக் கொண்டாடும் போர்க்காட்சி இசை. இரண்டு பக்கமும் முரசு, எக்காளம், பீரங்கிச் சத்தம். ஜனங்களுக்கு மிகப் பிடித்தது எது என்கிறீர்கள்? பீரங்கிதான். அதை இன்று யாரும் பீத்தோவனின் சிறந்த படைப்புகளில் சேர்ப்பதில்லை.

ஆனால் அதற்காக வாசிக்க வந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். முதல் வயலின் ஷுப்பான்சிக். வயலின் வரிசையில் இசையமைப்பாளர் லூயி ஷ்போர். பீரங்கிகளுக்கும் முரசுகளுக்கும் தாளம் கொடுத்தது அரசவையின் மூத்த இசையமைப்பாளர் சாலியேரி, அதாவது ஐந்து வருஷம் முன் இதே மண்டபத்தில் 'படைப்பு'க்குக் கை வீசியவர். பெரிய முரசு அடித்தவர்களில் இளம் இசையமைப்பாளர் மயர்பேர் ஒருவர். எப்போதும் ஒரு கணம் தாமதமாகவே அடித்தார் என்று பீத்தோவன் பின்னால் குறைப்பட்டுக்கொண்டார். சம்பளமில்லாக் கச்சேரி, நாட்டுப்பற்று, கூடவே ஒரு விளையாட்டுத்தனம். ஊரின் முதல்தர வித்வான்கள் எல்லோரும் ஒரு நாளைக்குப் பள்ளிக்கூடப் பையன்களாக மாறிவிட்டார்கள்.

நடத்தியது பீத்தோவனே. காது முக்கால்வாசி போயிருந்தது. மெல்லிய இடங்களில் மேசைக்கு அடியில் போகிற அளவுக்குக் குனிவாராம். சத்தம் ஏற ஏற நிமிர்வாராம். உச்சத்தில் துள்ளிக் குதிப்பாராம். ஷ்போர் தன் நினைவுகளில் ஓர் ஒத்திகையைச் சொல்கிறார். ஓர் இடத்தில் பீத்தோவன் ஒரு நிறுத்தத்தை மறந்துவிட்டு, குழுவைவிடப் பத்துப் பன்னிரண்டு தாள அளவை முன்னால் போய்விட்டார். குனிந்தார், நிமிர்ந்தார், வலுத்த சத்தம் வரும் என்று நினைத்த இடத்தில் குதித்தார். ஒன்றும் வரவில்லை. திடுக்கிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். குழு இன்னும் மெல்லிய இடத்திலேயே இருந்தது. கடைசியில் எதிர்பார்த்த சத்தம் வந்து காதில் விழுந்த பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குப் பிடிபட்டது. கச்சேரியன்று அப்படி நடக்காமல் தப்பித்தோம் என்கிறார் ஷ்போர்.

சிம்பனியின் இரண்டாம் பகுதிக்கு அன்று 'ஒன்ஸ் மோர்' விழுந்தது. டிசம்பர் 12-இல் முழுக் கச்சேரியையும் மறுபடி நடத்தினார்கள். இரண்டிலுமாக 4000 குல்டனுக்கு மேல் சேர்ந்தது.

அந்தச் சுவர்கள் செய்த வேலை

இரண்டாம் பகுதி ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது? இசை தன்னளவில் அற்புதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மண்டபத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அந்தப் பகுதி ஊதுகருவிகளின் ஒற்றைச் சேர்ந்திசையில் ஆரம்பிக்கும். பலமாக எழுந்து தேய்ந்து மறையும். அது மறையும்போது வயோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று அடிக்குரல் கருவிகள் மட்டும் ஒரு நடையை எடுக்கும்: தாம், தத, தாம், தாம். அவ்வளவுதான். அதே நடை திரும்பத் திரும்ப வர, ஒவ்வொரு சுற்றிலும் வயலின்கள் ஒரு அடுக்காக மேலே சேரும். கம்பளமும் திரைச்சீலையும் நிறைந்த நாடகக் கொட்டகையில் வாசித்தால் 'தாம்' உடனே அறுந்துவிடும். கல்லும் சுதையும் சுவராக, கூரை உயரமாக இருக்கும் கூடத்தில், ஒரு 'தாம்' முழுசாக அடங்கும் முன் அடுத்தது அதன் மேல் வந்து உட்காரும். நடைக்கு ஒரு நிழல் கிடைக்கிறது.

இதற்குக் கணக்குப் போட்டவரும் ஒரு பல்கலைக்கழகக்காரர்தான். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில், பேசுவது எதுவும் புரியவில்லை என்று புகார். ஒரு சொல் அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சாபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து, கூடத்தில் பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். கிடைத்த விதி எளிமையானது: கூடத்தின் கொள்ளளவு கூடினால் சத்தம் நீடிக்கும், துணி, மெத்தை, மனித உடம்பு கூடினால் குறையும்.

இந்த விதியை வியன்னா மண்டபத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். காலியாக இருக்கும்போது அது எதிரொலிக் கிணறு. லத்தீன் உரை கேட்டவர்களுக்கு எவ்வளவு காதில் ஏறியிருக்கும் என்பது சந்தேகம்தான். ஆனால் குளிர்காலக் கம்பளி உடையில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும்போது எதிரொலி மட்டுப்பட்டு இசைக்குத் தோதான அளவுக்கு வந்துவிடும். இன்னொரு விஷயம், சத்தத்தின் பலம். மூசிக்ஃபெரைனின் பெரிய கூடம் சுமார் 15,000 கன மீட்டர். பல்கலைக்கழக மண்டபம் அதைவிட மிகச் சிறியது. அதே எண்ணிக்கை வாத்தியங்களைச் சின்ன இடத்துக்குள் அடைத்தால் சத்தம் முகத்தில் அறையும். 1814 பிப்ரவரியில் அரண்மனை நடனக் கூடத்தில் இதே சிம்பனிக்கு 18 முதல் வயலின், 18 இரண்டாம் வயலின், 14 வயோலா, 12 செல்லோ, 7 டபுள் பேஸ் இருந்தன என்று பீத்தோவன் குறித்திருக்கிறார். பீத்தோவன் சத்தம் போடுகிறார் என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் எரிந்து விழுந்ததைப் படித்து நாம் சிரிக்கிறோம். அவர்கள் நின்ற இடத்தில் நாமும் நின்றிருந்தால் சிரித்திருக்கமாட்டோம்.

இதைச் சோதித்துப் பார்க்கவும் செய்தார்கள். அண்மை வருஷங்களில் வியன்னாவின் ஒரு பழங்கருவி வாத்தியக் குழு, பீத்தோவனின் சிம்பனிகளை அவை முதலில் ஒலித்த கூடங்களுக்கே கொண்டுபோய் வாசித்தது. ஆட்டுக் குடல் நரம்பு, மரக் குழல், வால்வு இல்லாத கொம்பு. அந்தப் பதிவுகளில் அரங்கும் ஒரு வாத்தியமாகக் கேட்கிறது.

பறிபோன கட்டடம்

கச்சேரி அரங்காக இருந்த கதை இத்தோடு அநேகமாக முடிந்துவிடுகிறது. இசை நண்பர்கள் சங்கம் 1812-இல் உருவாகி, 1831-இல் சொந்தக் கூடம் கட்டிக்கொண்டது. பல்கலைக்கழக மண்டபத்தைத் தேடி வரும் தேவை குறைந்தது. அதற்குப் பதிலாக வேறு சத்தம் வந்தது.

1848 மார்ச் 12, ஞாயிறு. மாணவர்கள் ஆவுலாவில் கூடி, பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கற்பிக்கும் சுதந்திரம், மக்கள் பிரதிநிதித்துவம் கேட்டு மனு ஒன்றை முடிவு செய்தார்கள். மறுநாள் ஊர்வலம், துப்பாக்கிச் சூடு. அன்று இரவே ஆஸ்திரிய அரசை நடத்திவந்த அமைச்சர் மெட்டர்னிக் பதவி விலகினார். ஐரோப்பாவின் அரசியலை முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்து ஆட்டிய மனிதர். மாணவர்கள் துப்பாக்கி ஏந்திய படையாகத் திரண்டு, இந்தக் கட்டடத்தையே தலைமையகமாக்கிக்கொண்டார்கள். அங்கே காவல் நின்ற ஒரு மருத்துவரும் கவிஞருமான லுட்விக் ஆகஸ்ட் ஃபிராங்கிள், 'பல்கலைக்கழகம்' என்ற தலைப்பில் ஒரு கவிதை எழுதினார். தணிக்கை இல்லாமல் வியன்னாவில் அச்சான முதல் தாள் அதுதான். பல இசையமைப்பாளர்கள் அதற்கு மெட்டுப் போட்டார்கள். அரசின் பெருமையைக் கூரையில் எழுதிவைத்த கட்டடம், அரசை எதிர்த்த பாட்டுக்குத் தலைப்பாகிவிட்டது.

அரசு அதை மறக்கவில்லை. அக்டோபர் கடைசியில் ராணுவம் ஊரைத் திரும்பப் பிடித்ததும் பல்கலைக்கழகத்தை அந்தக் கட்டடத்திலிருந்தே வெளியேற்றியது. மண்டபத்தில் சிப்பாய்கள் குடியேறினார்கள். வகுப்புகள் ஊரெங்கும் சிதறின. 1857-இல் கட்டடம் அறிவியல் கழகத்துக்குக் கொடுக்கப்பட்டது. மாணவர் கூட்டம் இல்லாத, வயதான அறிஞர்களின் அமைப்பு. பயந்த அரசுக்கு அதைவிடப் பாதுகாப்பான குடித்தனக்காரர் கிடைத்திருக்க முடியாது. பல்கலைக்கழகத்துக்கு ஹைன்ரிஹ் ஃபெர்ஸ்டல் வரைந்த புது மாளிகை வட்டச் சாலையில் 1884-இல்தான் திறந்தது.

அங்கேயும் ஒரு விழா மண்டபம், அங்கேயும் கூரையில் துறைகளை வரைய ஆசை. 1894-இல் குஸ்தாவ் கிளிம்ட்டிடமும் ஃபிரான்ஸ் மாட்ச்சிடமும் வேலையைக் கொடுத்தார்கள். கிளிம்ட் வரைந்த தத்துவத்தில் தெளிவு இல்லை. இருட்டில் மிதக்கும் உடல்கள். மருத்துவத்தில் நோயாளி யாரும் பிழைப்பதாகத் தெரியவில்லை. 87 பேராசிரியர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். 1905-இல் கிளிம்ட் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஓவியங்களை எடுத்துக்கொண்டார். அவர் வரைந்த மூன்றும் 1945 மே மாதம் இம்மெண்டோர்ஃப் கோட்டையில் எரிந்து சாம்பலாயின. இப்போது அந்தக் கூரையில் அவற்றின் கறுப்பு வெள்ளை நகல்கள் தொங்குகின்றன.

பழைய மண்டபம் போரைத் தாண்டி நின்றது. இன்றும் அறிவியல் கழகத்தின் விழாக்களும் உரைகளும், எப்போதாவது கச்சேரியும் அங்கே நடக்கின்றன. ஆனால் 1961-இல் அங்கே தீப்பிடித்தது. குல்யெல்மியின் கூரை ஓவியம் அழிந்தது. பழைய தோற்றத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வரைந்தார்கள். நான்கு துறைகள், லத்தீன் வரிகள், நடுவில் மரியா தெரேசா, எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஹைடன் கையைத் தூக்கிக் காட்டிய திசையில் இப்போது இருப்பது அந்த நகல்.